இருபத்தேழாம் இலக்கப் படம்

புளியந்தீவு மண்டபத்தில்
நாற்பது படங்களை நூல்பிடித்து மாட்டினேன்.
ஆணிக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.
மற்றது நடுவர்கள் பாடு.
மூன்று நடுவர்கள், இரண்டு மின்விசிறி,
ஒன்று சுற்றவில்லை.

இருபத்தேழில் வந்து நின்றுவிட்டார்கள்.
வாவி. ஆளில்லாத ஒரு தோணி.
மூலையில் ஒரு துண்டு வயல்.
தண்ணீரில் முட்டிக்கொண்டு சூரியன்.
நாற்பதில் இது ஒன்றுதான் கறுப்பு வெள்ளை.

"இதுதான் படம்" என்றார் செல்வானந்தம்,
முப்பது வருசம் சித்திரம் படிப்பித்தவர்.
"நிறம் ஒரு வாயாடி.
அது வாயை மூடினால்தான்
நிலம் பேசத் தொடங்கும்.
அந்த வானத்தைப் பாருங்க,
கரியில இருந்து சாம்பலுக்கு
எத்தனை படி இறங்குது!"

"இறங்கும்தான் சேர்" என்றான் நவ்பீஸ்.
காத்தான்குடியில் கலியாண ஸ்டூடியோ.
"சிவப்பு ஃபில்டர் போட்டா
என்ட வீட்டு மொட்டைமாடி வானமும் இறங்கும்.
பங்குனி வெயிலைப் பிடிச்சு
கார்த்திகை இருட்டு எண்டு காட்டுறார்.
நான் பொண்ணுக்கு வெள்ளை பூசினா பொய்,
இவர் வானத்துக்குக் கறுப்புப் பூசினா
கலையா?"

புவனலோஜினி படத்தின் மூலையை விட்டு
நகரவே இல்லை.
வெல்லாவெளியில் விவசாயப் போதனாசிரியர்.
"இந்த வயல் குடலையா, கதிர் முத்தினதா?
இதுக்குத் தண்ணி கட்டுறதா,
வெட்டு மெஷினுக்குச் சொல்றதா?
என்ட பையில இலைநிற அட்டை கிடக்கு,
அதில நாலு பச்சை.
இதில ஒரு பச்சையையும் காணல்ல."

கொஞ்சம் பொறுத்து,
யாரையும் பார்க்காமல்:
"ஆளில்லாத வெளி வடிவுதான், மறுகா.
எங்கட பக்கம் அப்பிடி ஒண்டைக் கண்டா
முதல்ல
ஏன் எண்டுதான் கேப்பம்."

சுற்றுகிற விசிறி மட்டும் சத்தம் போட்டது.

அந்தச் சங்கடத்திலிருந்து தப்பத்தானோ என்னவோ
நவ்பீஸ் சூரியனைப் பிடித்தான்:
"இது எழும்புதா, படுக்குதா?"

எழுவான்கரையில் நின்று மேற்கே எடுத்ததா?
படுவான்கரையில் நின்று கிழக்கே எடுத்ததா?
சூரியனை வைத்துத்தான் இரண்டு கரைக்கும் பேர்.
படத்தில் அதன் சிவப்பை உருவி எடுத்தாயிற்று,
இப்போது கரைகளே இடம் மாறி நிற்கின்றன.

"உதயம். அமைதியைப் பார்த்தாத் தெரியல்லையா?"
"படுக்கிற நேரம்தான் சேர் அமைதி.
காலையில எந்தத் தோணி சும்மா கிடக்கும்?"
"தென்னை கூடவா தெரியுது, அது எழுவான்கரை."
"அது தென்னையில்ல, போன் டவர்."

பூதக்கண்ணாடி கேட்டார்கள்.
தேத்தண்ணி ஆறிப்போனது.

எனக்குத் தெரியும், மாட்டும்போதே பார்த்தேன்,
படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தது.
கழற்றித் திருப்பிக் காட்டினேன்:
பங்குனி 9. நேரம் 6.10.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
இந்த ஊரில், பங்குனியில்,
வருவதும் போவதும் அந்த நேரத்துக்குக் கிட்டத்தான்.

புவனலோஜினிதான் முதலில் சிரித்தாள்.
அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

ஜன்னலில் மிச்சமிருந்த மாலை போதவில்லை.
பாசிக்குடாவின் நீலம் போனது,
தேர்த்திருவிழாவின் மஞ்சள் போனது,
அவளுடைய கிளிப்பச்சைச் சேலையும்
என் கையிலிருந்த சிவப்புச் சுத்தியல்பிடியும்
ஒரே சாம்பலாயின.
முப்பத்தொன்பது படங்கள் ஏதோ இழந்தவைபோல் தொங்க,
திரும்ப மாட்டிய இருபத்தேழு மட்டும்
இருந்தபடியே இருந்தது.

"கரண்ட் வரும் வரைக்கும்
முதற்பரிசு அதுக்குத்தான்" என்றான் நவ்பீஸ்.
செல்வானந்தம் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்தது.
அவரவர் தம் கருத்துக்குத் திரும்பிப் போனார்கள்,
கழற்றிவைத்த செருப்பைத் தேடிப் போடுவதுபோல்.
ஒன்பது, நாலு.
புவனலோஜினி ஆறு போட்டு, வெட்டி,
ஏழு போட்டு,
காரணம் எழுதும் கட்டத்தில்
ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்தாள்.

மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்து,
வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது
ஏழரை தாண்டியிருந்தது.
என் வீடு படுவான்கரையில்.
அன்றைய சூரியன் எந்த நிறத்தில் போனதென்று
நான் பார்க்கவில்லை.
பாலத்தில் தூண்டில் போட்டிருந்தவர்களிடம் கேட்கலாம்.
கேட்டால் அவர்களும்
இரண்டாய்ப் பிரிவார்கள்.