சாய்கோடு

தொர்ரேயோன் நகரக் குடிநீர் அலுவலகத்தில்
பதினொரு வருடம் இணைப்புத் துண்டிப்பு அறிவிப்புகளைத்
தட்டச்சு செய்தவள் நொயெமி பாரியெந்தோஸ்.
அந்த இயந்திரத்தில் சாய்கோட்டு விசை உடைந்திருந்தது.
மனுப் போட்டார்கள்; புதுசு வரவில்லை.
மூன்று மணிக்கு மேல்,
அலுவலகத் தாளின் பின்பக்கத்தில்,
நாவல்.

என்னிடம் வந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரு சாய்கோடும் இல்லை.
எங்கள் மொழியில் அப்பாவின் கடைசி எழுத்துக்கு மேல்
அந்தக் கோடு விழாவிட்டால்
அவர் உருளைக்கிழங்கு.
முதல் அத்தியாயத்தில் உருளைக்கிழங்கு
குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தது.
சிரித்துக்கொண்டே பென்சிலைச் சீவினேன்.

போர்த்தாலெஸில், மீன் பொரிக்கும் கடைக்கு மேலே என் அறை.
பிழை திருத்தக் கூலி பக்கத்துக்குப் பதினெட்டு பேசோ.
அவளை நான் பார்த்ததில்லை.

முதல் நாவல் இருநூற்றாறு பிரதி விற்றது.
இரண்டாவது அதற்கும் கீழே.
மூன்றாவதுக்குப் பரிசு.
வேலையை விட்டாள், மடிக்கணினி வாங்கினாள்,
கோடுகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன.
எனக்கு வேலை பாதி, கூலியும் பாதி.
பொறாமையில் சொல்லவில்லை:
வாக்கியங்கள் கொஞ்சம் கொழுத்தும்விட்டன.

நான்காவதில், காணாமல் போன ஒருவன்.
பச்சைக் கட்டம் போட்ட சட்டை,
மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம்.
ஒரு பக்கத்தில் வெள்ளை என்றிருந்தாள், இன்னொன்றில் சிவப்பு.
இரண்டையும் சிவப்பாக்கியது
நான்.

குவாதலஹாரா புத்தகச் சந்தை. கையெழுத்து வரிசை.
கோமெஸ் பலாசியோவிலிருந்து
இரவெல்லாம் பஸ்ஸில் வந்த ஒருத்தி
புத்தகத்தை நீட்டவில்லை.
பக்கத்துக்குள் விரலை வைத்து மூடியிருந்தாள்.
"அந்தச் சிவப்புப் பொத்தானைத் தைத்தது நான்.
அவனை எங்கே பார்த்தீர்கள்?"

அன்றிரவு, முதல் தடவையாக, எனக்குத் தொலைபேசி.
"பொத்தானை என்ன நிறமென்று எழுதியிருந்தேன்?"
சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
கீழே எண்ணெய் பொரிகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.
"சரி" என்றாள்.

ஒன்பது வருடம் ஒன்றும் வரவில்லை.
சனிக்கிழமைகளில் அந்தத் தாய்மாரோடு
பாலைநிலத்தில் இரும்புக் கம்பியை இறக்கி
முனையை முகர்ந்து பார்க்கிறாள் என்று கேள்வி.

போன மாதம் ஒரு கட்டு வந்தது. தட்டச்சு.
எந்த ஏலத்தில் அந்த இயந்திரத்தைப் பிடித்தாளோ,
நூற்று நாற்பது பக்கம், ஒரு சாய்கோடும் இல்லை.
மேலே ஊசி குத்திய சீட்டு:
மற்றதைத் திருத்துங்கள். கடைசிப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் நீள மேசை, வரிசையாய்த் துணிகள்,
ஒரு தாய், இரண்டே சொல்:
நோ எஸ்தா.
கோடு போட்டால், அவன் இல்லை.
போடாவிட்டால், இந்தச் சட்டை இல்லை.

பென்சிலைச் சீவினேன். சீவிக்கொண்டே இருந்தேன்.
சொன்னபடி விட்டுவிட்டேன்.
நூற்று முப்பத்தொன்பது பக்கத்துக்கு
ரசீது எழுதி அனுப்பினேன்.