திணைமயக்கம்

கரடி செத்துப் பதினான்கு மாதம் கழித்து
பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வந்தது.
நான்கு திருகாணி.
மூன்று துருவேறி முறிந்தன.
நான்காவது மட்டும் சமர்த்தாகச் சுழன்று வந்து
இல்மார்ஸின் கையுறைக்குள் விழுந்தது.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லியபாயாவில் மார்ச் என்பது
பெயருக்குத்தான் வசந்தம்.
கடலிலிருந்து புறப்பட்ட காற்று
கம்பி வேலியை வீணையாக்காது,
மூக்கைத்தான் சிவக்க வைக்கும்.
வெள்ளையடித்த கான்கிரீட் படிகள் ஒன்பது.
அவற்றைத்தான் ஐம்பது வருடம்
பனிப்பாறை என்று நம்பச் சொன்னார்கள்.
நம்பினோம். டிக்கெட் வாங்கியிருந்தோம்.

வரைபடத்தில் இது இப்போது மடகாஸ்கர்.
இரண்டாம் கட்டம் என்று மேலே தடித்த எழுத்து.
கீழே பொடி எழுத்தில்
வறண்ட காடு, சுண்ணாம்புக் கூர்முகடுகள், ஓர் ஓடை,
பொந்தன்புளி மரம் ஒன்று,
பொந்துக்குள் ஐஸ்கிரீம் கடை.

விஸ்மா பாறை செய்கிறவள்.
கம்பிவலை மேல் பீய்ச்சிய சிமெண்ட்
இறுக ஐந்து மணி நேரம்.
அதற்குள் ஒரு கரணையும்
காம்பு வளைந்த மேசைக்கரண்டியும் கொண்டு
பத்து லட்சம் வருட மழையைப் பெய்தாக வேண்டும்.
விரிசல் கீறுவாள், விரிசலுக்குள் நிழல் பூசுவாள்,
தயிர் கரைத்துத் தெளிப்பாள், பாசி தானே வரும்.
பறவை எச்சம் கேட்டால்
அதற்கும் ஒரு டப்பா வெள்ளை வைத்திருக்கிறாள்.
மடகாஸ்கரை அவள் பார்த்ததில்லை.
கரடி மட்டும் துருவத்தைப் பார்த்ததா என்ன?
ஏதோ ஒரு ஜெர்மன் நகரத்தில்
ஹீட்டர் பக்கத்தில் பிறந்தது அது.

குளத்தை உடைத்தபோது அடியில் கிடந்தவை:
செல்லாத கோபெக்குகள் ஒரு வாளி,
குழந்தைக் கையுறை, ஒற்றை,
யாரோ கோபத்தில் எறிந்த மாதிரி ஒரு மோதிரம்.
மோதிரத்தை அலுவலகத்தில் கொடுத்தார்கள்.
வாளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பின்சுவரோரம் தரையில்
எட்டு போட்டது போல ஒரு தேய்வு.
பத்தடி, திருப்பம், தலையை ஒரு சுழற்று,
பத்தடி, திருப்பம்.
இருபத்தாறு வருடம்.
விரல் வைத்தால் முதல் கணு வரை ஆழம்.

"சாயங்காலத்துக்குள் நிரப்பிவிடு,"
என்றான் பொறியாளன் ரைதிஸ்.
விஸ்மா கலவை குழைத்தாள்.
குழைத்து முடிக்கும்முன் மழை பிடித்துக்கொண்டது.
எல்லோரும் தார்ப்பாய்க்குள் ஒண்டினார்கள்.
நீர் அந்தத் தேய்வைக் கண்டுபிடித்தது.
கரடி நடந்த வழியே நடந்தது,
கரடி திரும்பிய இடத்தில் திரும்பியது,
பிறகு கரடியால் முடியாததைச் செய்தது:
சாக்கடை ஓட்டை வழியாக வெளியே போயிற்று.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ரைதிஸ் போனில் கணக்குப் போட்டான்.
தோண்டுகூலி மிச்சம், ஒரு பம்பு மிச்சம்,
நாலாயிரம் யூரோ.
பென்சிலை எச்சில் தொட்டு
ஓடையை வரைபடத்தில் இடம் மாற்றினான்.
குழைத்த கலவை வீணாய்ப் போனது.

ஜூனில் திறப்புவிழா. மேயர், ரிப்பன்,
பள்ளிக்கூடத்து டிரம்.
பதினொரு வளையவால் லெமூர்கள்
கதவைத் தாண்டி வந்து நின்று பார்த்தன.
பொந்தன்புளியைப் பார்த்தன. முகடுகளைப் பார்த்தன.
பிறகு நேராக வடக்கு மூலைக்குப் போய்
மறைக்க நேரமில்லாமல் விட்டுப்போன
பாய்லர் வெந்நீர்க் குழாய்மேல்
வயிற்றை ஒட்டி வரிசையாக உட்கார்ந்துவிட்டன.
ஏழு மாத வேலை.
விஸ்மா சிரித்த சிரிப்பில்
மேயர் ஒரு வரியைத் தவறவிட்டார்.

புதிய பலகைக்குத் திருகாணி இல்லை, பசை.
இல்மார்ஸ் பையில் அது இன்னும்
சாவிகளோடு கிலுகிலுக்கிறது.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் லெமூர் இறங்கி
ஓடையில் நாலு மடக்கு குடித்தது.
வாலைக் கொடிபோல் நிமிர்த்தி
ஓடைவழியே நடந்தது, பத்தடி.
திரும்பும் இடம் வந்தது.
திரும்பவில்லை.
ஒரே தாவு. நீரைக் கடந்து
குழாய்க்கே போய்ச் சேர்ந்தது.