இறைச்சிக்கு முன் ஒரு மணி நேரம்

இருபத்தாறு வருஷம்
உருகுவே ஆற்றுப் பாலத்தில் சுங்கம் பார்த்தேன்.
ஃப்ரே பெந்தோஸ் பக்கம் என் சாவடி,
அக்கரை அர்ஜென்டினா.
சலவைத்தூள், சமையல் எண்ணெய், டயர்,
ஒருமுறை ஸ்டெப்னிக்குள்
முப்பத்தெட்டுக் கைக்கடிகாரம்.
பெட்டியைத் திறக்கச் சொல்லுமுன்
முகத்தைப் படித்துவிடுவேன்.

எவரிஸ்தோவின் முகத்தைத்தான் படிக்கவில்லை.
சிரிப்பு குறைந்ததைக் கோபம் என்று
இரண்டு வருஷம் பதிலுக்கு முறைத்தேன்.
பிறகு வலக்கை நடுங்கியது.
பிறகொரு நாள் கடையை அடைக்கும் நேரம்
கத்திகளைக் கழுவித் துடைத்துத்
தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

டாக்டர் இத்துரால்தே
மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு குழாய் வரைந்தாள்.
மற்ற இடங்களில் ரத்தக்குழாய்ச் சுவரில் இடுக்கு இருக்கும்,
மூளையில் கிடையாது,
செல்லோடு செல் தைத்து மூடியிருக்கும் என்றாள்.
உள்ளே தீர்ந்துகொண்டிருக்கும் சரக்கு டோபமைன்.
அதையே ஊசியில் ஏற்றினால் என்ன?
விடமாட்டார்கள்.
எண்ணெயில் கரையும் சில மருந்துகள்
சுவர் வழியாகவே நுழையப் பார்க்கும்,
அவற்றிலும் பலதைப் பிடரியைப் பிடித்து
வெளியே தள்ளும் பம்புகள் உண்டு.
ஆனால் சாப்பாட்டின் புரதத் துணுக்குகளுக்கென்று
ஒரு வாசல் திறந்திருக்கிறது.
லெவோடோபா அந்த வரிசையில் கலந்து நிற்கும்,
உள்ளே போனதும் சட்டை மாற்றி
டோபமைன் ஆகிவிடும்.
வழியிலேயே மாற்றிவிடாதிருக்க
கூடவே கார்பிடோபா,
அது பாலம் ஏறாது.

கடத்தல், என்றேன்.
கடத்தல்தான், என்றாள்.

வாந்திக்கு ஒரு மாத்திரை எழுதினாள்.
டோபமைனைத் தடுப்பது அது.
தப்பித்தவறி உள்ளே போனால்
இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்கும்,
பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.
எல்லாக் கெடுபிடியையும் திட்டிக்கொண்டிருந்தவள்
அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு வழக்கம்போல் விலா எலும்பு,
விறகுத் தணலில் மூன்று மணி நேரம்.
மாத்திரையையும் அதோடு விழுங்கினார்.
தணல் சாம்பலாகியும் மருந்து எட்டவில்லை.
சமையலறை நிலைப்படியில் கால்
தரையோடு ஒட்டிக்கொண்டது.
பின்னால் பேரன் தட்டோடு நிற்கிறான்,
முன்னால் நான்,
நடுவில் அவர்,
ஈ ஓட்டக்கூட முடியாமல்.

டாக்டர் போனில் சொன்னாள்:
இறைச்சி செரித்த துணுக்குகளும்
அதே வாசலுக்குத்தான் வரும்.
கூட்டம் அதிகமானால் மருந்து பின்வரிசையில் நிற்கும்.

நாற்பது வருஷம் கசாப்புக்கடை நடத்தியவரை
மாடே மறித்துவிட்டது.
இதைச் சொன்னபோது அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன்.
கண்ணில் மட்டும்.

இப்போது பன்னிரண்டுக்கு மாத்திரை,
வெறும் தண்ணீர்.
ஒரு மணிக்குத்தான் இறைச்சி.
இடைப்பட்ட நேரத்தில் மாத்தே உறிஞ்சியபடி
எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறேன்.
சில நாள் ஒன்றும் நடப்பதில்லை.
சில நாள் புருவம் முதலில் இளகும்,
அப்புறம் கட்டைவிரல்.

இன்று உப்பைத் தேடி அவரே எழுந்தார்.
ஓர் அடி.
இன்னும் இரண்டு.
நிலைப்படியில் கொஞ்சம் தயங்கினார்.
தாண்டினார்.

நான் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.