இருபத்திரண்டு நிமிடம்

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி மொட்டைமாடி.
தொலைநோக்கியின் முக்காலிக்குக் கீழே
மூன்று செங்கல், மடித்த கோணிச்சாக்கு.
என்ன முட்டுக் கொடுத்தாலும் அதிர்கிறது.
கம்ப்ரஸர் ஓட ஓட என் பல்லும் சேர்ந்து ஓடுகிறது.

அறுநூறு மீட்டர் தள்ளி
சூரியநாராயணா தெருவில், மூன்றாம் மாடி அறையில்
மெர்லின்.
படிகம் அவள் மேஜையில்.
ஊதா லேசர் நுழைந்துகொண்டே இருக்கும்,
கோடியில் ஒன்று இரண்டாக உடையும்.
ஒரு பாதி அவளிடமே அகப்படும்.
மறுபாதி ஜன்னலைத் தாண்டி,
விசைப்படகுகளின் கொடிக்கம்பங்களுக்கு மேலே
என்னிடம் வந்து சேரவேண்டும்.

வரும்.
திருகிக்கொண்டே வரும்,
நேராக நடக்கத் தெரியாத வெளிச்சம்.
குறிபார்க்கிற லேசரை அதேபோல் திருகித்
தண்ணீர்த் தொட்டிச் சுவரில் விழவிட்டால்
சிவப்பாய் ஒரு மெதுவடை, நடுவே இருட்டு.
எத்தனை திருகு என்பதுதான் கேள்வி.
ஒன்றா, மூன்றா, வலமா, இடமா, திருகே இல்லையா.
பூவா தலையாவில் முடிகிற சங்கதி இல்லை.
நாங்கள் ஏழு முகம் எண்ணுகிறோம்.
அதற்கு மேலும் முகம் உண்டு,
எங்களிடம் காசு இல்லை.

அவளுக்கு ப்ளஸ் மூன்று என்றால்
எனக்கு மைனஸ் மூன்று.
கூட்டினால் பூஜ்யம்.
அதுமட்டும் போதாது.
திருகுகளை ஒன்றோடொன்று கலந்து கேட்டாலும்
பதில் பொருந்தவேண்டும்.
பொருந்தினால் பின்னல்,
இல்லாவிட்டால் வெறும் ஜோடிச் செருப்பு.

என் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல்:
எந்த விநாடித் துணுக்கில் எது வந்தது என்று.
தனியே படித்தால் தகரக் கூரையில் தூறல்.
அவளுடையதும் தூறல்தான்.
இரண்டையும் பக்கம்பக்கமாக வைக்கும்வரை
யார் கையிலும் எதுவும் இல்லை.

பதினெட்டு நாளாக
எண்களைத் தவிர நாங்கள் பேசுவதில்லை.
கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்தது.

இங்கே காற்று சொன்னபடி கேட்காது.
ஃபேக்டரி துப்புகிற வெப்பம், படகு டீசல் புகை,
கடலிலிருந்து ஏறும் ஈரம்.
மூன்று இரண்டாகிறது, நாலாகிறது.
நாற்பத்தொன்பது கட்டத்திலும்
சோறு சிந்தினமாதிரி எண்கள்.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.

"ஜென்செட்டப் போடுங்கடா!"
கீழே துலுக்காணம் கத்துகிறார்.
"டீசல் இல்லண்ணா."
அடுத்து வந்தவை
அச்சில் ஏறாத வார்த்தைகள்.
என் யூபிஎஸ் கீச்சிடுகிறது.
மெர்லின் தெருவும் இருட்டு,
அவளிடமும் அரை மணி பேட்டரி.

செங்கல் சும்மா கிடந்தது.
முதல்முறையாக என் பல் அசையவில்லை.
கட்டங்கள் ஒவ்வொன்றாய் நிரம்பின,
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு,
யாரோ குறுக்கே கயிறு கட்டினமாதிரி
ஒரே ஒரு சாய்வுக்கோடு.
மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய காலி.
கலந்து கேட்டோம்.
அங்கேயும் கோடு.

போன் அடித்தது.
"பாத்தியா?"
"ம்."
இருவரும் அதற்குமேல் பேசவில்லை, வைக்கவும் இல்லை.

துலுக்காணம் டார்ச்சோடு மேலே வந்தார்,
லுங்கி முட்டிவரை நனைந்து.
"உன் மிஷினும் நின்னு போச்சாம்மா?"
"இல்லண்ணா. இப்பதான் நல்லா ஓடுது."
திரையை எட்டிப் பார்த்தார்.
"கீழ எட்டு போட்டு ஐஸுக்கு நிக்குது.
நொறுக்குற மிஷினு நகரல.
ஒனக்கு இந்தக் கோடு."
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"வேணும்னா ஈபில சொல்லு,
டெய்லி புடுங்கட்டும்."
சிரித்தாரா தெரியவில்லை,
டார்ச் என் முகத்தில் இருந்தது.

மூன்று முப்பத்திரண்டு.
செங்கல் உதறியது.
கோடு வீங்கி, பக்கத்துக் கட்டங்களுக்குக் கசிந்து,
பழையபடி சோறு.
கீழே ஐஸ் நொறுங்கிப் பெட்டியில் கொட்டுகிற சத்தம்,
யாரோ யாரையோ சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள்.

முதல் படகு கிளம்பும்போது ஹாரன் அடித்தது.
கேட்டேன்.
பிறகு, காதில் ஒட்டிக்கிடந்த போனுக்குள்
மெர்லினின் ஜன்னலில்,
இரண்டு விநாடி பிந்தி,
இன்னொரு முறை.