பதினைந்தாவது பெயர்

புதுவயலில் ஜூன் மாதம்
உமி கருகும் வாசனையோடுதான் பள்ளி திறக்கும்.
ஸ்கூட்டி இருக்கையில் சாம்பலைத் தட்டிவிட்டு
தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
நான் பிள்ளை பிடிக்கக் கிளம்புகிறேன்.

வணிகவியலில் அறுபத்திரண்டு பேர்.
இந்த மண்ணில் பற்றும் வரவும்
பால்குடி மறக்குமுன்னே வந்துவிடும் என்கிறார் தலைமையாசிரியர்,
சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறார்.
கணினி அறிவியலில் நாற்பது.
தூய அறிவியலில் பதினான்கு.
பதினைந்து சேரவில்லையென்றால் பிரிவை மூடு என்பது
மேலிடத்திலிருந்து வந்த ஒரு வரி.
மூடினால் தாவரவியல் சார் சிங்கம்புணரிக்குப் போவார்.
ஃபார்மலினில் ஊறும் கட்டுவிரியன்
யாரையும் பயமுறுத்தாமல்
இன்னும் கொஞ்சம் வெளுக்கும்.
எனக்கு ஒன்றும் ஆகாது,
கணினிப் பிரிவுக்கும் வேதியியல் உண்டு.
ஆகவே இது பிழைப்புக்கான அலைச்சல் இல்லை என்று
எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

முதல் வீட்டில் பாலிடெக்னிக்.
இரண்டாவது வீட்டில், "நீட் எழுத வச்சிருவீங்களா?"
மூன்றாவது வீட்டில் நாய்.
கண்டனூர் சாலையில் ஒரு தகப்பன்
மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"செடியப் படிச்சா என்ன சம்பளம், டீச்சர்?"
மோரில் கறிவேப்பிலை மிதந்தது.
அதன் இருசொற்பெயர் எனக்குத் தெரியும்.
சம்பளம் தெரியவில்லை.

அடைக்கலத்தை அரிசி ஆலையில்தான் பிடிக்க முடிந்தது.
பாய்லர் முன்னால், பனியனில்லாமல்,
முள்ளின் மேல் ஒரு கண், என் மேல் ஒரு கண்.
"அவகிட்டயே கேட்டுக்கங்க" என்று
களத்தைக் காட்டினார்.

வைரமீனா அவித்த நெல்லைக்
காலால் உழுதுகொண்டிருந்தாள்.
பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூற்றொன்று.
வணிகவியலுக்கு விண்ணப்பம் எழுதி
கையெழுத்தும் வாங்கிவிட்டாளாம்.
உதவித்தொகை, நர்சிங், அரசு வேலை,
வழக்கமான சரக்கையெல்லாம் இறக்கினேன்.
அவள் வரிசை தப்பாமல் போய்
மூலையில் திரும்பும்போது சொன்னாள்:

"போன வருசம் அமிலமும் காரமும்
நீங்க செஞ்சு காட்டினீங்க, மிஸ்.
நான் நாலாவது பெஞ்சு.
முன்னாடி இருந்தவ ரிப்பன்தான் தெரிஞ்சது.
எல்லாரும் ஏய்னு கத்துனதும் நானும் கத்துனேன்.
கலர் மாறுச்சுன்னு நோட்டுல எழுதுனேன்.
பாக்கல.
நான் வந்தா, அந்தக் குழாய
நானே பிடிக்கலாமா?"

பள்ளியில் இருப்பது நான்கு பியூரெட்.
ஒன்றில் திருகு ஒழுகும்.
வெயிலில் நின்று கணக்குப் போட்டேன்:
பதினைந்து பேர், மூன்று பியூரெட்,
வாரத்துக்கு இரண்டு பீரியட்,
அதில் ஒன்றை விளையாட்டு விழா தின்னும்.
"பிடிக்கலாம்" என்றேன்.
கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.
அந்தத் தாமதத்தையும் அவள் கவனித்தாள்.

ஜூலையில் ஒரு வியாழன்.
வைரமீனா கண்ணை அளவுக்கோட்டுக்கு இறக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் தொடுகிறாள்.
சொட்டு. ஒன்றுமில்லை.
சொட்டு. குடுவைக்குள் ஒரு ரோஜாப் புகை,
சுழற்றினால் காணோம்.
சொட்டு, சொட்டு.
ஜன்னல் வழியே ஆலைச் சாம்பல் மிதந்து வர
இடக்கையால் குடுவையின் வாயை மறைக்கிறாள்.
வலக்கை அந்த நொடியில்
ஒரு பிடி கூடத் திரும்பிவிடுகிறது.
குடுவை முழுக்கத்
திருவிழாப் பஞ்சுமிட்டாய்.

வாசலில் எழுத்தர்.
ஐந்தாம் எண் பையன் டி.சி. கேட்கிறானாம்,
அவன் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை.
பதினான்கு.

"தப்பாயிடுச்சு, மிஸ்" என்கிறாள்.
கண் அந்த நிறத்தை விட்டு நகரவில்லை.
"கொட்டிட்டுக் கழுவு. மொதல்லேருந்து."

எழுத்தர் தாளை நீட்டியபடி நிற்கிறார்,
கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.
கை ஈரமாயிருக்கு,
அப்புறம் வாங்க, என்கிறேன்.