எட்டாம் இலக்கம்

ஸ்காபரோ, எக்ளிங்டன் வீதி.
பெப்ரவரி. சப்பாத்தெல்லாம் உப்புக்கறை.
டொக்டரின் காத்திருப்பு அறையில்
என் கையில் எட்டாம் இலக்கத் துண்டு.

நித்திரை வருவதில்லை என்று சொல்லத்தான் வந்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்ல
இரவு வேலை என்றொரு பொய்யும் கைவசம்.
உண்மை, கோசலாவின் மெக்சிக்கோ.

விடிய இரண்டேகாலுக்குப்
போர்வைக்குள் வெளிச்சத்தை ஒளித்துக்கொண்டு
அவளுடைய கடலைப் பார்த்தேன்.
நீலமென்றால் அப்படியொரு நீலம்.
இடுப்பில் அவன் கை.
என் ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை.
இருநூற்றுப் பதினாறு இதயங்கள்.
என் பிள்ளையின் பிறந்தநாளுக்கு
நாற்பத்தொன்று. அதில் ஒன்று நானே போட்டது.

கதவு திறந்து குளிரோடு ஒருத்தி வந்தாள்.
தொப்பியைக் கழற்ற,
தலை வாராமல், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்
கோசலா.

எந்த வருடத்துக் கடலோ அது.

மூன்று கதிரை தள்ளி இருந்தாள்.
என்னைக் காணவில்லை.
அல்லது நான் காணாததுபோல் இருந்த மாதிரியே
அவளும் இருந்தாள்.

பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.
விரல் முந்திவிட்டது.
அந்த நீலத்தின்மேல் ஓர் இதயம்.

மூன்று கதிரைக்கு அப்பால்
அவள் மடி அதிர்ந்தது.
குனிந்து பார்த்தாள்.
சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று
கடைவாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது.
பிறகு பெருவிரல், மேலே, மேலே.

எட்டு என்றார்கள்.
எழும்பச் சற்றுப் பிந்திவிட்டேன்.
கடந்து போகையில் பார்த்தேன்,
தன் துண்டை அவள்
உருட்டி உருட்டித் திரியாக்கியிருந்தாள்.
இலக்கம் தெரியவில்லை.