ஓர் ஒலிவக்காய் அளவு

ஆலைக்கு ஆய்வுக்கு வந்தவர் பெயர்
ஏலியா திவேகர்.
தானேயிலிருந்து ரயில்,
உச்சந்தலையில் உள்ளங்கையளவு தொப்பி,
பூட்டுப் போட்ட சாப்பாட்டுப் பை.
இஸ்ரேலுக்குப் போகிற நாற்பது டன் மாங்கூழுக்கு
இவர் கையெழுத்து வேண்டும்.

சிட்ரிக் அமிலத்தின் பில்லைக் கேட்டார்.
என்சைம் எதிலிருந்து எடுத்தது என்றார்.
குழாய்கள் ஒரு பகல் ஓர் இரவு
சும்மா கிடக்க வேண்டும்,
அதன்பிறகு கொதிநீர் விட வேண்டும் என்றார்.

சும்மா கிடந்தன.
வாசலிலிருந்து காவேரிப்பட்டணம் சாலை வரைக்கும்
டிராக்டர்கள்.
மூன்றாம் நாளாய் வெயிலில் பெங்களூரா,
அடிக்காய் கசிந்து
தார் மேலெல்லாம் ஈ.
"எவனோ சுத்தமா சாப்பிட
என் காய் அழுகணுமா?"
சந்தூர் திம்மராயன் போட்ட சத்தம்
பரிசோதனை அறைக் கண்ணாடியைத் தாண்டி வந்தது.
"என்ன சொல்கிறார்?" என்றார் திவேகர்.
கிலோ ஐந்து ரூபாய்தானாம், என்றேன்.
பாதி மொழிபெயர்ப்பு.

மதியம் என் மேசையில் ஒரு செந்தூரா.
என் கத்தி வேண்டாமென்று
பையிலிருந்து தன் கத்தியை எடுத்து
ஒரு துண்டு நறுக்கினார்.
கை பழக்கம், தராசில் வைத்துவிட்டேன்:
பத்தொன்பது கிராம்.
வலது கையில் ஏந்தி
ஏதோ முணுமுணுத்தார்.
"உப்பு மிளகாய்த்தூள் வேணுமா சார்?"
பதில் இல்லை.
இடது கை மட்டும் உயர்ந்தது,
ரவுண்டானா போலீஸ்காரர் போல.
மென்று விழுங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.
"மன்னியுங்கள். வாழ்த்துக்கும் பழத்துக்கும் நடுவில்
வேறு சொல் நுழையக் கூடாது."

என்ன வாழ்த்து?
மரத்தின் கனியைப் படைத்தவனே.
வாழைப்பழத்துக்கு?
அது மரமில்லை. குலை தள்ளினால் வெட்டிவிடுகிறோமே,
மண்ணின் கனி என்போம்.
இதுக்கு?
கூழ்க் கிண்ணத்தை நகர்த்தினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"இன்னதென்று தெரியாதபடி அரைத்துவிட்டால்
மரத்தின் பெயர் போய்விடும்.
எல்லாம் அவன் சொல்லால் ஆயிற்று,
அவ்வளவுதான்.
தண்ணீருக்கும் அதேதான்."

எட்டு வருஷமாய்
எத்தனை தோப்பைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

நாளைக்கு அறுபது கரண்டி சார், என்றேன்.
நாக்கில் வைப்பேன்,
புளிப்பு, கருகல், இனிப்பு பதினாறு,
எழுதிக்கொண்டு தொட்டியில் துப்பிவிடுவேன்.
"துப்பினால் வாழ்த்து வேண்டியதில்லை.
ருசி பார்ப்பவருக்குக் கடன் கிடையாது."
ஆறுதலாய்த்தான் சொன்னார்.

தராசைத் திரும்பிப் பார்த்தார்.
ஒலிவக்காய் அளவாவது தின்றால்தான்
தின்றபின் நன்றி சொல்லலாமாம்.
அது எத்தனை கிராம்?
"எங்கள் வீட்டில் இருபத்தேழு."
இன்னொரு துண்டு நறுக்கி அவரே வைத்தார். பதினான்கு.
கடன்படுவதற்கென்றே தின்றார்.

நன்றியை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்:
பல உயிர்களையும்
அவற்றின்
அந்தச் சொல்லுக்குத் தேவை போட்டுப் பார்த்தேன்,
இல்லாமை போட்டுப் பார்த்தேன்,
உட்காரவில்லை.
குறை.
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில்
மனுவோடு நிற்பார்களே, அந்தக் குறை.
பல உயிர்களையும் அவற்றின் குறைகளையும் படைத்தவனே.
குறைக்கு எதுக்கு சார் நன்றி?
கத்தியைத் துடைத்து மடக்கினார்.
"அது எனக்கும் புரிந்ததில்லை."

ஏழு மணிக்கு வெளியே வந்தேன்.
திம்மராயன் அழுகலை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சாக்கடையில் எறிந்துகொண்டிருந்தார்.
ஒன்றைத் துண்டில் துடைத்து நீட்டினார்.
"இது கெடலம்மா."

சொல்ல எனக்கு எந்த மொழியிலும் ஒன்றுமில்லை.
டிராக்டர் சக்கரத்தின் ஓரம் நின்று
தோலோடு கடித்தேன்.
நாக்கு தன்பாட்டுக்குத்
துப்புமிடம் தேடியது.
சாறு முழங்கை வரை இறங்கிக்
கண்ணாடி வளையலில் நின்றது.

"மிஷினு எப்பம்மா ஓடும்?"

வாய் நிறைய இருந்தது.
இடது கையை உயர்த்தினேன்.

விழுங்கிய பிறகு சொன்னேன்,
காலையில் ஆறு மணிக்கு.
உங்க வண்டி எத்தனாவது?